போத்தலுக்கு முன் பாலூட்டும் நேரத்தைக் கேட்போம்

சம்பள நாள் சாயந்தரம் லயத்துக்கு யார் யார் வருவார்கள் என்று நமக்கு நன்றாகத் தெரியும். மீன்காரர் வருவார். சீட்டுக்காரர் வருவார். கடன் கொடுத்த கம்பனியின் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொப்பியைத் திறப்பார். அவர்களுக்குப் பின்னால், ஓட்டோ நிறையச் சாமான் கட்டிக்கொண்டு தவணைக்காரர் வருவார். கைப்பிள்ளை இருக்கிற காம்பராதான் அவருக்கு முதல் வாசல். "பிள்ளைக்கு இல்லாததா அக்கா? இப்போ ஒண்ணும் தரவேணாம், அடுத்த சம்பளத்தில பாத்துக்கலாம்" என்பார். இஸ்தோப்பில் சாமானை இறக்கிவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது.

அண்மையில் மாதர் கமிட்டிக் கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி தன் தவணைக் கொப்பியைக் காட்டினார். பிள்ளைக்கு ஐந்து மாதம். பால் போத்தல் செட், பால்மா டின், சக்கரம் வைத்த வோக்கர், பிளாஸ்டிக் தொட்டி என்று எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. பிள்ளைக்கு இரண்டு தடவை வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததையும் சொன்னார். "வேலைக்குப் போயிட்டா பால் குடுக்க முடியாதே, அதனாலதான் போத்தல் வாங்கினேன்" என்றார். பாலூட்டும் நேரம் கேட்டீர்களா என்று நாம் கேட்டோம். "அப்படி ஒரு நேரம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டியவர் அவர் அல்ல, நாம்தான். சந்தா வாங்குகிற சங்கம், அந்தத் தாய் பிள்ளையோடு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே இந்த மாதம் நாம் எழுதுவது, சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் எதை வாங்குவது, எதை விடுவது, எதைக் காசு கொடுக்காமல் கேட்டுப் பெறுவது என்பதைப் பற்றி.

70ஆம் நாளும் 180ஆம் நாளும்

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்தது. நெடுங்காலமாக, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்ற தாய்க்கு லீவு குறைவாக இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள், அதாவது 12 வாரம். பிரசவத்துக்கு முன் 2 வாரம் போனால் பின்னால் மிஞ்சுவது 10 வாரம். எனவே, தாய் மறுபடி கூடையைத் தூக்கும்போது பிள்ளைக்கு ஏறக்குறைய 70 நாள்.

கிளினிக்கில் நமக்குச் சொல்வது என்ன? ஆறு மாதம், 180 நாள், தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதுவரை, அதற்கு மேலும் தாய்ப்பால். உலக சுகாதார ஸ்தாபனமும் நமது சுகாதார அமைச்சும் சொல்வது இதுதான்.

70க்கும் 180க்கும் நடுவில் 110 நாள் இருக்கிறது. லீவு முடிந்துவிட்டது, பிள்ளைக்கு வேறு சாப்பாடு கொடுக்கும் வயதும் வரவில்லை. போத்தலும் பால்மா டின்னும் நம் வீட்டுக்குள் நுழைவது இந்த 110 நாளில்தான்.

இந்த இடைவெளிக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, 9 மணித்தியால வேலை நேரத்துக்குள் இரண்டு தடவை பாலூட்டும் நேரம் கொடுக்கவேண்டும். பிள்ளைக்காம்பராவோ வேறு பொருத்தமான இடமோ தோட்டம் கொடுத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. அப்படி இடம் இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. இது பகல் சாப்பாட்டு நேரத்தில் கழிக்கிற நேரம் அல்ல, அதற்கு மேலதிகமானது. துரை மனமிரங்கித் தருகிற சலுகையும் அல்ல.

சட்டம் இருந்தும் ஏன் நம் தாய்மார் அந்த நேரத்தை எடுப்பதில்லை? இரண்டு காரணம். ஒன்று தூரம். மேல் மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி, பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவதென்றால் அந்த அரைமணி பாதைக்கே போதாது. இரண்டாவது கிலோ. இறங்கி ஏறுகிற நேரத்தில் கொழுந்து குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேரைவிடப் போத்தல் மலிவு என்று தாய் கணக்குப் போடுகிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அந்தக் கணக்கை மாற்றுவதுதான் சங்கத்தின் வேலை.

எனவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். பிள்ளை ஒரு வயது ஆகும்வரை அந்தத் தாயைப் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து மலையில் போடவேண்டும். பாலூட்டும் நேரத்துக்கு ஏற்ற அளவு கொழுந்தின் நிறையைக் குறைத்துக் கணக்குப் பார்த்து முழுப்பேர் போடவேண்டும். வேலைக்குத் திரும்பும் முதல் நாள் பெரட்டிலேயே, பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் காட்டி, எந்த இரண்டு நேரம் என்று கணக்கப்பிள்ளையிடம் பேசிக்கொள்ளவேண்டும். மறுத்தால் அன்றே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் நிற்காமல் தலைவர் அதை எழுத்தில் கொடுக்கவேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களக் காரியாலயம் இருக்கிறது.

நேரத்துக்கு இறங்கி வர முடியாத நாளுக்கும் ஒரு வழி உண்டு. காலையில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, பாலைப் பீய்ச்சி, அவித்துச் சுத்தம் செய்த மூடியுள்ள சில்வர் கோப்பையில் வைத்து ஆயாவிடம் கொடுக்கலாம். நிழலில், குளிர்ந்த இடத்தில் வைத்தால் நான்கு மணி நேரம்வரை கெடாது. பிள்ளைக்குக் கோப்பையால் அல்லது கரண்டியால் மெதுவாக ஊட்டலாம். இதற்கு வாங்கவேண்டியது மூடியுள்ள கோப்பை இரண்டு, கரண்டி ஒன்று. தவணை வேண்டியதில்லை.

போத்தல் ஏன் லயத்துக்குப் பொருந்தாது

பால் போத்தலை நாம் விரோதமாகப் பார்க்கவில்லை. அது கேட்கிற வசதி நமக்கு இருக்கிறதா என்று பார்க்கிறோம். சூப்பியின் துவாரத்திலும் போத்தலின் கழுத்திலும் பால் காய்ந்து ஒட்டும். ஒவ்வொரு தடவையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் அவிக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. பீலித் தண்ணீரைத் தூக்கி வந்து, ஈர விறகை ஊதி அடுப்பு மூட்டுகிற வீட்டில் இது நடக்கிற காரியமா? மிச்சப் பாலை வைத்து அடுத்த தடவை கொடுப்போம். அதனால் வருவதுதான் அந்த வயிற்றோட்டம். கோப்பையில் கழுத்தும் இல்லை, ஓட்டையும் இல்லை. விரல் போட்டுத் தேய்த்து, கொதிநீரை ஊற்றினால் முடிந்தது.

அடுத்தது பால்மா. ஒரு 400 கிராம் பைக்கட்டின் விலை ஒரு நாள் சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது. அதை ஒரு மாதம் இழுக்கவேண்டும் என்று கரண்டி குறைகிறது, தண்ணீர் கூடுகிறது. பிள்ளையின் வயிறு நிரம்பும், எடை ஏறாது. தேத்தண்ணீருக்குப் போடும் சாதாரண பால்மாவை ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது. இதையும் பலர் அறியாமல் செய்கிறோம்.

தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மா, போத்தல், சூப்பி ஆகியவற்றைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்று 1981ஆம் ஆண்டு உலக சுகாதார மாநாடு ஒரு விதிக்கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் அதற்கென விதிகள் உண்டு. ஆகவே யாராவது லயத்துக்கு வந்து "டொக்டர்மார் சொன்ன பால்" என்று டின்னைக் காட்டினால், அவர் நம் பிள்ளைக்காகப் பேசவில்லை என்று தெரிந்துகொள்வோம்.

தாய் நோய்ப்பட்டிருக்கலாம், தாயே இல்லாத பிள்ளையும் இருக்கலாம். அந்த வீட்டை யாரும் குறை சொல்லவேண்டாம். கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேட்டு, எந்த மா, எத்தனை கரண்டிக்கு எவ்வளவு கொதித்த தண்ணீர் என்று எழுதி வாங்கி, அந்த அளவு மாறாமல் கோப்பையால் கொடுப்போம். அப்படியான வீட்டுக்குத் தோட்டக் கமிட்டி கைகொடுக்கவேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பின் தட்டில் என்ன

ஆறு மாதம் முடிந்ததும் அடுத்த டின் வருகிறது. படத்தில் கொழுகொழு பிள்ளை சிரிக்கும். ஆனால் அந்த டின்னில் இருக்கும் தானியத்தைவிட நல்லது நம் அடுப்பில் இருக்கிறது. குழைய வேகவைத்த சோறு, பருப்பு, பூசணிக்காய், ஒரு பிடி கீரை, கொஞ்சம் தேங்காய்ப்பால். கழுவி வறுத்து இடித்த நெத்தலித் தூள். முடிந்த நாளில் ஒரு முட்டை. கரைத்து ஊற்றாமல், கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதத்தில் மசித்துக் கொடுக்கவேண்டும். இதற்கு வாங்கவேண்டியது பிள்ளைக்கென்று ஒரு தனிக் கோப்பை. அப்போதுதான் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும்.

கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ 1973ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் இருக்கிறது. சோளமும் சோயாவும் சேர்த்து, விற்றமின்களும் கனியுப்புகளும் கலந்த மா. கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் உரியது. நம் வீடுகளில் அது எல்லாருக்கும் உருண்டையாகிவிடுகிறது என்பதும் உண்மை. மூத்த பிள்ளை கேட்கும்போது மறுக்க மனம் வராது, புரிகிறது. ஆனாலும் அந்தப் பைக்கட்டில் யார் பெயர் எழுதிக் கொடுத்தார்களோ அவர்களுக்கு முதல் பங்கு. 2022 நெருக்கடியில் திரிபோஷ தட்டுப்பட்டபோது நாம் எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பதை மறக்கவேண்டாம். அது இலவசம் என்பதற்காக மதிப்புக் குறைந்தது அல்ல.

கலர் சோடா, பைக்கட் ஜூஸ் விஷயத்தில் எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று இருக்கிறது. 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் போடவேண்டும். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. சிவப்பைக் கண்டால் பிள்ளைக்கு வேண்டாம் என்று அப்பாயிமாருக்கும் அம்மாயிமாருக்கும் சொல்லிவைப்போம். பேரப்பிள்ளைக்கு ஆசையாக வாங்கி வருகிறவர்கள் அவர்கள்தானே!

உருளுவதும் எரிவதும்

வோக்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது நடக்கப் பழக்குவதில்லை. பிள்ளை தரையில் தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து பழகுகிற நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. கனடாவில் 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். சமதளமான வீடுகள் நிறைந்த நாட்டுக்கே அது ஆபத்து என்றால், இஸ்தோப்பில் இருந்து இரண்டு படி, படிக்குக் கீழே கான், கானுக்குக் கீழே பள்ளம் என்று இருக்கிற நம் லயத்துக்கு? சக்கரம் வைத்த சாமானில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போக முடியாது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பாயும், இஸ்தோப்பு வாசலுக்கு ஒரு மரப்பலகைத் தடுப்பும் போதும். பலகையை அப்பாவே அடித்துவிடலாம்.

சேலை ஏணை நல்லதுதான், நாம் எல்லாரும் அதில் தூங்கியவர்கள்தான். முடிச்சையும் மேலே கட்டிய மரத்தையும் அடிக்கடி பாருங்கள். விழுந்தாலும் அடிபடாத உயரத்தில் கட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கரண்ட் போன இரவில் இன்னும் குப்பி லாம்பு எடுக்கிற வீடுகள் உண்டு. பழைய போத்தலில் திரி போட்ட அந்த லாம்பைப் பிள்ளை தட்டிவிட்டால் மண்ணெண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். அப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பான லாம்பை வடிவமைத்தார். குட்டையானது, கனமானது, விழுந்தால் உருளாமல் இருக்கப் பக்கங்கள் தட்டையானவை, மூடி திருகி இறுக்குவது. அதற்காக 1998ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருதும் பெற்றார். பிள்ளை உள்ள வீட்டுக்குப் பயன்படும் சாமான் என்றால் இப்படி இருக்கவேண்டும். விலை குறைவாக, தட்டிவிட்டாலும் ஆபத்து வராததாக. லாம்பு வாங்கும்போது இந்த நான்கு குணத்தையும் பாருங்கள். முடிந்தால் டோர்ச் ஒன்று வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

மண்ணெண்ணெய்யைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். புல்லெண்ணெயையும் அப்படித்தான். பிள்ளைக்குப் போத்தலைத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியில் எண்ணெய் நெஞ்சுக்குள் போகும். உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

பம்பஸ் பற்றியும் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் துணி மூன்று நாளானாலும் காயாது என்பது நமக்குத் தெரியாததா? பழைய பருத்திச் சேலையைக் கிழித்த துணி பகலுக்கு, கிளினிக் போகிற நாளுக்கும் இராத்திரிக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் செலவு அடங்கும். பாவித்ததைக் கானில் போடவேண்டாம். அந்தக் கான் அடைத்தால் தண்ணீர் வருவது அடுத்த காம்பராவுக்குள். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஒரு சோடி செருப்பு, வீட்டுக்கு எப்போதும் ஒரு சவர்க்காரம். கொக்கிப் புழுவையும் வயிற்றோட்டத்தையும் தடுக்க இவை இரண்டும் எந்த டொனிக்கையும்விடப் பெரியவை.

கொப்பியில் கையெழுத்து வைக்கும் முன்

தவணையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மொத்தமாகக் காசு கையில் நிற்காத வீட்டுக்கு அதுவும் ஒரு வழி. ஆனால் மூன்று எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். டவுனில் காசு கொடுத்து வாங்கினால் எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கடையில் 6,000 ரூபா சாமான். தவணையில் மாதம் 850 ரூபா, 12 மாதம். பெருக்கினால் 10,200 ரூபா. மேலதிகம் 4,200 ரூபா. 2024ஆம் ஆண்டு வர்த்தமானியில் போட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது மூன்று நாள் பேருக்கும் மேல். "மாதம் 850 தானே" என்பது வியாபாரியின் கணக்கு. "மூன்று நாள் மலை ஏறி இறங்கவேண்டும்" என்பது நம் கணக்கு. பிள்ளைக்கு எட்டு மாதத்தில் உதவாமல் போகிற சாமானுக்குப் பன்னிரண்டு மாதம் கட்டுவது என்ன நியாயம்?

பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும். முடிவுத் திகதி பாருங்கள். குறித்த விலைக்கு மேல் கேட்டாலோ, திகதி முடிந்ததைக் கொடுத்தாலோ 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பைக்கட்டை வாசிக்கச் சொல்லுங்கள். சம்பள நாளில் முடிவெடுக்காமல், "நாளைக்கு வாங்க தம்பி, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஒரு இரவு போனால் பாதிச் சாமான் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

இதில் அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. தாய் பால் கொடுக்கிற நேரத்தில் தண்ணீர் தூக்குவதும் விறகு பிளப்பதும் பிள்ளையின் துணி துவைப்பதும் பிள்ளைக்குச் செய்கிற செலவுதான். அதற்குக் காசு தேவையில்லை.

நம் பங்கு

பிள்ளைக்கு நல்லது வேண்டும் என்று ஆசைப்படுவதால்தான் நம் தாய்மார் கடன்படுகிறார்கள். அந்த ஆசையில் குற்றம் இல்லை. தோட்டம் கொடுக்கவேண்டிய பாலூட்டும் நேரத்தையும், சுத்தமான தண்ணீரையும், நல்ல பிள்ளைக்காம்பராவையும் கொடுக்காமல் விட்டதால் வந்த குறையை, சம்பளத்தில் சாமான் வாங்கி அடைக்கப் பார்க்கிறோம். அந்தக் குறை எத்தனை சாமான் வாங்கினாலும் அடையாது.

ஆகவே நம் தோட்டக் கமிட்டிகள் அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று காரியத்தை எடுக்கவேண்டும் என்று கேட்கிறோம். ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரின் பெயரை எழுதி, அவர்களுக்குப் பாலூட்டும் நேரமும் பக்கத்து மலையும் முழுப்பேரும் கேட்டுத் துரைக்கு எழுத்தில் கொடுப்பது ஒன்று. பிள்ளைக்காம்பராவில் குழாய்த் தண்ணீர், கொதிநீர், மூடியுள்ள கோப்பைகள், தாய் மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு இடம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது இரண்டு. வேலைக்குத் திரும்பும் ஒவ்வொரு தாயின் வீட்டுக்கும் மாதர் கமிட்டியில் ஒருவர் போய்ச் சட்டத்தைச் சொல்லிவிட்டு வருவது மூன்று.

தவணைக்காரர் வாசலுக்கு வருவதற்கு முன் சங்கம் அந்த வாசலுக்குப் போகவேண்டும். "அப்படி ஒரு நேரம் இருக்கா?" என்று இனி எந்தத் தாயும் நம்மைக் கேட்கக்கூடாது.